வேலையையும் ஓய்வையும் ஒரே அட்டவணையில் அமைப்பது எப்படி: தோட்டப்புறக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வாழ்ந்து, செம்பனைத் தோட்டத்திலோ ரப்பர் பால்மரக் காட்டிலோ, ஈப்போ, செம்மோர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ, பள்ளியிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, வீடு திரும்பிய பின் இன்னொரு வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றோடு அமர்ந்து வார அட்டவணை போட்டுப் பார்த்ததில், பெரும்பாலோர் ஒரே சில இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்தது. அந்த இடங்களை மனத்தில் வைத்தே படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. நீண்ட காலம் சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றே அதனைக் கூறி, மூன்று அடையாளங்களைக் குறிப்பிடுகிறது: உடலிலும் மனத்திலும் ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும் ஏற்படுதல், செய்யும் வேலையின் திறன் குறைதல். இந்த நிலைக்கு வந்தபின் மீள்வதற்கு மாதங்கள் பிடிக்கும். அதற்கு முன்பே வார அட்டவணையை மாற்றுவது எளிது.

ஓய்வு எடுக்க முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் கேமரன் மலைக்கோ பங்கோர் தீவுக்கோ இரண்டு நாள் பயணத்திலிருந்து தொடங்குகிறார்கள். திரும்பி வந்த மறுநாள் பழைய அட்டவணையே காத்திருப்பதால், அந்த வாரக் கடைசிக்குள் பயணத்தின் பலன் மறைந்துவிடுகிறது. முதலில் தூக்கம், அடுத்து அன்றாட இடைவேளை, அதன்பின் வார ஓய்வு நாள், கடைசியில் ஆண்டு விடுப்பு என்னும் வரிசையே நிலைக்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வீட்டின் மாதக் கட்டணங்களும் தவணைகளும் எழுதிய ஒரு தாள், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு நாள்காட்டி ஆகியவை போதும். கைப்பேசிச் செயலி வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம் சமையலறை மேசைமீது கிடந்தால் வீட்டிலுள்ள எல்லாரும் பார்க்கவும் எழுதவும் முடியும். கைப்பேசியில் இருப்பதை ஒருவர் மட்டுமே பார்ப்பார்.

மருத்துவப் பரிசோதனை ஒன்றையும் இப்போதே செய்துகொள்ள வேண்டும். தொடர்ந்த களைப்புக்கு நீரிழிவு, இரத்தச் சோகை, தைராய்டுக் குறைபாடு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறு ஆகியவை காரணமாக இருக்கலாம். அவ்வாறிருந்தால் எவ்வளவு சிறந்த அட்டவணை போட்டாலும் களைப்புத் தீராது. ‘ஓய்வு எடுத்தும் பயனில்லை’ என்று மனம் உடைவதே மிச்சமாகும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். நாற்பது வயதைக் கடந்த, குறைந்த வருமானப் பிரிவினர் பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி பெறலாம். கிளினிக் முகப்பிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் முன்னேற்பாடுகளில் ஒன்று. எதற்காக நேரத்தை எழுதுகிறீர்கள் என்பது தெரியாத மனைவியோ கணவரோ மாமியாரோ, அதைத் தம்மீது வைக்கும் குறையாக எடுத்துக்கொள்வதுண்டு. ‘நம் எல்லாருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்க வழி பார்க்கிறேன்’ என்னும் ஒரு வாக்கியம் அந்த மனத்தாங்கலைத் தவிர்த்துவிடும்.

2. இரண்டு வாரம் உள்ளதை உள்ளபடி எழுதுதல்

எழுந்த நேரம், வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம், வேலை தொடங்கியதும் முடிந்ததும், பகுதிநேர வேலை, வீட்டு வேலை, படுத்த நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். இரவு படுக்கும்முன் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். மூன்று நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் மனம் தனக்கு வேண்டியபடி நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும்.

சம்பளம் கிடைக்கும் மணிகளை மட்டும் எழுதுவதே இங்கு அடிக்கடி நிகழும் பிழை. தொழிற்சாலைப் பேருந்து காலை ஐந்தரைக்குத் தாமான் முனைக்கு வருகிறது என்றால், அன்றைய வேலை ஐந்தரைக்கே தொடங்கிவிட்டது. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும்முன் நான்கு மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குப் பசியாறவும் மதியத்துக்கும் சமைத்து வைக்கும் பெண்ணுக்கு, அந்த இரண்டு மணி நேரமும் வேலைதான். மாலையில் பலகாரம் செய்து பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்பது, பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவிட்டு வாசலில் காத்திருப்பது, படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பராமரிப்பது ஆகிய அனைத்தும் பதிவில் இடம்பெற வேண்டும். எங்கள் ஊரில் இவற்றைச் சேர்த்து எழுதிப் பார்த்த பெண்கள் பலர், தம் வாரம் கணவரின் வாரத்தைவிட நீளமானது என்பதை முதன்முறையாக எண்ணில் கண்டார்கள். அடுத்த படிகளில் வீட்டு வேலையைப் பங்கிடும்போது அந்த எண் பெரிதும் உதவும்.

எழுதும் இரண்டு வாரத்தில் எதையும் திருத்த முயல வேண்டாம். திருத்திக்கொண்டே எழுதினால் உண்மையான வாரம் எப்படியிருந்தது என்பது பதிவாகாது. தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ முந்திய வாரங்களையும், செம்பனைக் குலை மிகுதியாகக் காய்க்கும் மாதங்களையும் தவிர்த்து, சாதாரண வாரங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பதிவு முடிந்ததும் ஒரு வாரத்தின் சம்பள வேலையைத் தனியாகவும் மற்ற வேலைகளைத் தனியாகவும் கூட்டுங்கள். வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன்படி, 2023 சனவரி 1 முதல் வாரத்தின் இயல்பான வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரோடு ஒப்பிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம். உங்கள் எண் 55ஐத் தாண்டியிருந்தால் அடுத்த படிகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

3. தூக்கத்தை முதலில் நிலைப்படுத்துதல்

தூக்கம் குறைந்த நிலையில் போடும் எந்தத் திட்டமும் நிற்பதில்லை. களைத்தவருக்குப் பொறுமையும் கணக்கிடும் திறனும் குறைந்திருக்கும். மண்டோர் என்னும் மேற்பார்வையாளரிடமோ உறவினரிடமோ மறுப்புச் சொல்லும் துணிவும் இருக்காது. ஆகவே மற்றவற்றைத் தொடுமுன் மூன்று வாரம் தூக்கத்தை மட்டும் சீராக்க வேண்டும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. எழும் நேரத்தை வேலை தீர்மானிப்பதால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். நான்கரை மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தால்தான், உறக்கம் பிடிக்கும் நேரம் போக ஏழு மணி நேரம் கிடைக்கும். இரவு பத்தரை வரை தொலைக்காட்சித் தொடர் ஓடும் வீட்டில் இது கடினமே. படுக்கையறைக் கதவை மூடி ஒலியைக் குறைக்கச் சொல்வது முதற்கட்டத்துக்குப் போதும். வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயன்றவர்கள் சண்டையில் முடித்திருக்கிறார்கள்.

காப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டியவர் ஒட்டுக்கடையில் ஆறு மணிக்குக் குடிக்கும் தே தாரிக் என்னும் பால் தேநீர், படுக்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். மதியத்துக்குப் பின் அதனை நிறுத்திவிடுவது நல்லது. நண்பர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் மைலோவில் கூட இனிப்பு மிகுதி என்பதால் வெந்நீரோ எலுமிச்சை நீரோ வாங்கிக்கொள்ளலாம்.

இரவு ஷிப்ட் செய்கிறவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பகலில் தகரக் கூரையின் வெப்பமும் வெளிச்சமும் உறக்கத்தைக் கலைக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைத் தேர்ந்து, சன்னலைக் கருந்துணியால் மறைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, கைப்பேசியை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சந்தைக்கும் வங்கிக்கும் போய்விட்டு நண்பகலில் படுப்பதைவிட, வந்தவுடன் படுத்துப் பிற்பகலில் மற்ற வேலைகளைப் பார்ப்பதே ஏற்றது. நேரம் ஏற ஏற, விழிக்கச் சொல்லும் உடற்கடிகாரத்தின் தூண்டுதலும் வெப்பமும் கூடும். ஷிப்ட் முடிந்ததும் கண் சொருகினால், மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் தொழிற்சாலை ஓய்வறையில் இருபது நிமிடம் கண் மூடிவிட்டுக் கிளம்புங்கள். இதனைப் பணிவோடு வற்புறுத்துகிறேன்: விடியற்காலைச் சாலையில் அரைத்தூக்கத்தோடு வண்டி ஓட்டுவதைவிட ஆபத்தான பழக்கம் இந்த வழிகாட்டியில் வேறொன்றும் பேசப்படவில்லை.

4. வேலை நேரத்துக்குள்ளேயே இடைவேளை வைத்தல்

தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல், குறைந்தது முப்பது நிமிட இடைவேளையின்றி, ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். நேரச் சம்பளக்காரர்களுக்கு இது ஓரளவு கிடைக்கிறது. குலை எண்ணிக்கைக்கோ பால் எடைக்கோ கூலி பெறுகிறவர்கள்தாம் தாமாகவே இடைவேளையை விட்டுக்கொடுக்கிறார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தால் சில குலைகள் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் வெயிலேறியபின் இடைவிடாது குலை வெட்டும் அரிவாளைத் தூக்கினால் வேகம் தானாகவே குறைகிறது. கை தளர்ந்து குலை விழும் திசையைத் தவறவிடும் அபாயமும் அப்போதுதான் கூடுகிறது.

களைத்த பிறகு உட்காருவது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் உட்காரவே மாட்டோம். கடிகாரத்தைப் பார்த்து உட்கார வேண்டும். ஆறரைக்கு வேலை தொடங்குகிறவர் எட்டரைக்குப் பத்து நிமிடம், பத்தரைக்கு அரைமணி என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் கடும் உழைப்புச் செய்வோர் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் உடல் ஏற்கெனவே நீர் இழந்திருக்கும். வேர்வையில் போகும் உப்பை, உப்பிட்ட கஞ்சியும் மோரும் ஈடுசெய்யும். கடையில் விற்கும் ஆற்றல் பானங்களில் சர்க்கரையும் கஃபீனும் உள்ளதால் அவற்றை அன்றாட வழக்கமாக்க வேண்டாம்.

உட்கார்ந்து வேலை செய்யும் எழுத்தர்களான கிராணிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் கடைக் கணக்கருக்கும் இடைவேளை என்பது கைப்பேசி பார்க்கும் நேரமாகிவிட்டது. கண்ணும் கழுத்தும் அதே நிலையில் இருப்பதால் அது உடலுக்கு ஓய்வாகாது. எழுந்து பத்து நிமிடம் நடப்பதும், மர நிழலில் பேசிக்கொண்டிருப்பதும் மேல். லாரி ஓட்டுநர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும்.

5. ஓய்வு நாளுக்கு முன் பணக்கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை இனி வேலைக்குப் போவதில்லை என்று உணர்ச்சியோடு அறிவித்துவிட்டு, மூன்றாவது வாரம் மோட்டார் சைக்கிள் தவணை வந்ததும் ஓவர்டைமுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஓய்வைத் தடுப்பது பெரும்பாலும் பணமே. பிறகுதான் வெட்கமும் கடமையுணர்வும். அந்தப் பணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் அதற்கு வழி தேடலாம்.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் கிடைக்கும். அதனை இயல்பான நாள் வேலை நேரத்தால், அதாவது பெரும்பாலும் 8ஆல், வகுத்தால் ஒரு மணிச் சம்பளம் கிடைக்கும். மாதம் 1,700 ரிங்கிட் பெறுகிறவருக்கு நாள் சம்பளம் 65 ரிங்கிட் 38 காசு, மணிச் சம்பளம் ஏறக்குறைய 8 ரிங்கிட் 17 காசு. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதால் மணிக்கு 12 ரிங்கிட் 26 காசு வரும். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் பாதி நேரத்துக்கு மேல், இயல்பான வேலை நேரத்துக்குள் வேலை செய்தால், கூடுதலாக ஒரு நாள் சம்பளம் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட மணிகளுக்கு இரண்டு மடங்கு. குலை எண்ணிக்கை, பால் எடை போன்ற துண்டு விகிதக் கூலி பெறுகிறவருக்கு ஓய்வு நாளில் விகிதம் இரட்டிப்பாகும். இந்த மிகை ஊதிய விதிகள் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு உரியவை.

சம்பளச் சீட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாகத் தரப்பட்டிருந்தால் முதலில் அலுவலகத்தில் கேட்டு, தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சங்க உறுப்பினராக இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரை அணுகலாம். உரிய பணம் உரிய வேலைக்கே கிடைத்தால், அதை ஈடுகட்ட இன்னொரு நாள் உழைக்க வேண்டியிருக்காது.

அடுத்து, ஓய்வு நாள் வேலையில் வரும் பணத்திலிருந்து அந்த வேலையால் ஏற்படும் செலவைக் கழிக்க வேண்டும். பெட்ரோல், சமைக்க முடியாததால் வெளியே வாங்கிய சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வோருக்குக் கொடுப்பது, முதுகு வலிக்கு வாங்கும் மருந்தும் தைலமும் ஆகியவற்றைக் கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்பதை எழுதுங்கள். அறுபத்தைந்து ரிங்கிட்டில் இருபதோ முப்பதோ இவ்வாறு போய்விடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

மிச்சத் தொகை எந்தக் கட்டணத்துக்குப் போகிறது என்று பெயரிட்டு எழுதுவது இந்தப் படியின் கடைசிப் பகுதி. மாதச் சீட்டான கூட்டுப் பணமா, மூத்தவளின் பல்கலைக்கழகச் செலவா, கடன் தவணையா? பெயரிட்டபின் முடிவெடுப்பது எளிது. கூட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் என்றால், அதுவரை மாதத்தில் இரண்டு ஓய்வு நாள் வேலை, பிறகு எதுவுமில்லை என்று நாள்காட்டியில் எழுதலாம். நான்கிலிருந்து நேராகச் சுழியத்துக்கு வர முயல வேண்டாம். மாதத்துக்கு ஒன்றாகக் குறைப்பதுதான் குடும்பத்தால் தாங்கக்கூடியது. புதிய கூட்டில் சேருமுன் அதன் தவணைக்கு எத்தனை மணி ஓவர்டைம் தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சியே.

6. வாரத்தில் ஒரு முழு நாள்

வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் சட்டப்படி தரப்பட வேண்டியது. ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்குத் தொடர்ச்சியாக முப்பது மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி ஓய்வு நாளாகக் கொள்ளப்படும். தொடர்ந்து நடந்தாக வேண்டிய ஷிப்ட் வேலையும், விபத்து, இயந்திரப் பழுது போன்ற அவசர நிலைகளும் நீங்கலாக, ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இதனைத் தெரிந்துகொள்வது சண்டை போடுவதற்காக அன்று. கேட்கும் குரலில் தயக்கம் குறையும் என்பதற்காக.

பால் வெட்டியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நாள் தவறாமல் கத்தி வைத்த மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும்; அதற்காகவே நாள் விட்டு நாள் வெட்டும் முறை இருக்கிறது. அவ்வாறு காய்ந்த மரத்தைப் பின்னர் சில நாள் சும்மா விட்டு மீட்டுவிட முடியாது. உடலும் இந்த விதிக்கு உட்பட்டதே. ஆறு மாத ஓய்வைச் சேர்த்து வைத்து ஒரே வாரத்தில் எடுக்கலாம் என்னும் எண்ணம் பலிப்பதில்லை.

இரண்டு அரைநாள்கள் ஒரு முழு நாளுக்கு ஈடாவதில்லை. மாலை நான்கு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால் காலை முதலே மனம் அதை நோக்கியே இருக்கும். முந்தைய மாலை தொடங்கி மறுநாள் இரவு உறங்கும்வரை ஒரே வீச்சாக ஓய்வை வைக்க வேண்டும்.

ஓய்வு நாளைக் கேட்டு வாங்கியவர்கள் அதனை இழக்கும் விதம் ஒன்றுதான். அன்றுதான் துணி மலைபோல் துவைக்கப்படுகிறது. வாரச் சந்தை, சலூன், வண்டி பழுது, இரண்டு திருமணம், ஒரு காது குத்து, கோயில் கூட்டம் எல்லாம் அன்றைக்கே வருகின்றன. மாலையில் பார்த்தால் வேலை நாளைவிடக் களைப்பு அதிகம். எனவே வாரத்தில் இரண்டு மாலைகளைப் புறவேலைகளுக்கென ஒதுக்க வேண்டும். எங்கள் ஊரில் செவ்வாய் மாலை துணியும் வீடு துடைத்தலும், வெள்ளி மாலை சாமான் வாங்குவதும் கட்டணம் கட்டுவதும் என்று பிரித்துக்கொண்ட குடும்பங்கள் இதில் நிலைத்திருக்கின்றன. திருமணங்களைப் பொறுத்தவரை, நெருங்கிய உறவுக்கு முழுமையாகவும், மற்றவர்களுக்கு விருந்து நேரத்தில் மொய்யோடு தலைகாட்டியும் வரலாம். அல்லது வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போகலாம். முறைப்படி ஒருவர் வந்துபோனால் பெரும்பாலான குடும்பங்கள் மனத்தாங்கல் கொள்வதில்லை.

ஓய்வு நாளில் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. பல ஆண்டுகள் ஓய்வே எடுக்காதவர்களுக்கு முதல் சில ஞாயிறுகள் எரிச்சலாகவும் குற்றவுணர்வாகவும் இருப்பது இயல்பு. கோயிலுக்குப் போகலாம், தோட்டத்துக் குட்டையில் தூண்டில் போடலாம், பிள்ளைகளோடு பந்து விளையாடலாம், மதியம் அரைமணி கண்ணயரலாம். குடிப்பது ஓய்வாகாது, மது உறக்கத்தின் ஆழத்தைக் கெடுத்து, திங்கட்கிழமையைக் களைப்போடு தொடங்கச் செய்யும்.

7. வீட்டு வேலையைப் பங்கிடுதலும் மறுப்பைச் சொல்லுதலும்

ஆணுக்கு ஓய்வு நாளும் பெண்ணுக்கு அடுப்படி நாளும் ஒரே தேதியில் வந்தால், அந்த அட்டவணையைப் பாதிதான் முடிந்ததாகக் கருத வேண்டும். இரண்டாம் படியில் எழுதிய பதிவை நடுவில் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயரை எழுதுங்கள். ‘எல்லாரும் சேர்ந்து செய்வோம்’ என்று எழுதிய வேலை மீண்டும் அம்மாவிடமே வந்து சேரும். பத்து வயதுப் பிள்ளை பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம். ஆண்பிள்ளைக்கும் இது பொருந்தும். ஓய்வு நாளில் முந்தைய இரவே செய்த குழம்பைச் சூடாக்குவதோ, ஒரு வேளை நாசி லெமாக் வாங்கிக்கொள்வதோ சமையல் நேரத்தைக் குறைக்கும். அந்தச் செலவைப் பணக்கணக்கில் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

மேலாளரிடம் மறுப்புச் சொல்லும்போது நேரம் முக்கியம். சனிக்கிழமை மாலை பட்டியல் ஒட்டியபின் சொன்னால் அவருக்கு ஆள் தேட வழியில்லை. புதன்கிழமையே சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். காரணம் ஒன்று போதும். ‘ஐயா, இந்த ஞாயிறு என் ஓய்வு நாள், குடும்பத்துக்கு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்து தருகிறேன்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார். ஒரு மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்னும் வரம்பு இருப்பதையும், தேவைப்பட்டால், மரியாதையாக நினைவூட்டலாம்.

உறவினரிடம் சொல்வது இன்னும் கடினம். ‘சித்தி, இந்த வாரம் வீட்டில் இருக்கிறோம்; அடுத்த சனிக்கிழமை மாலை நானே வந்து பார்க்கிறேன்’ என்று மாற்று நாளோடு சொன்னால் உறவு கெடுவதில்லை. சொன்ன நாளில் போய் நிற்பது கட்டாயம். ஒருமுறை தவறினால் அடுத்த மறுப்பு சாக்குப்போக்காகத் தெரியும்.

வேலைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இரவு எட்டு மணிக்குப் பின் வரும் செய்திகளுக்கு ஒலியை அடைத்துவிடுங்கள். உண்மையான அவசரத்துக்கு அழைப்பு வரும் என்று குழுவில் ஒருமுறை தெரிவித்தால் போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதில் மிகவும் துன்பப்படுகிறார்கள்; பெற்றோர் குழுவுக்குப் பதிலளிக்கும் நேரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்தவர்களுக்குச் சுமை குறைந்திருக்கிறது.

8. ஆண்டு விடுப்பை நாள்காட்டியில் முதலில் குறித்தல்

இரண்டு ஆண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள் என்பது சட்டத்தின் குறைந்த அளவு. பெரும்பாலோர் இந்நாள்களை இறப்பு வீட்டுக்கும் பள்ளி வேலைக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் ஒவ்வொன்றாகக் கரைத்துவிடுகிறார்கள். சனவரியிலேயே நாள்காட்டியை எடுத்து, ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஓய்வு நாளை ஒட்டி இரண்டு நாள் விடுப்பைக் குறித்து விண்ணப்பித்துவிடுங்கள். மீதமுள்ளவற்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பால்மரக் காட்டில் இலையுதிர்ந்து வெட்டுக் குறையும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் விடுப்புக் கிடைப்பது எளிது. செம்பனையில் குலை மிகும் மாதங்களில் கேட்டால் மறுக்கப்படலாம்.

எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பை ஓய்வுக்குப் பயன்படுத்த வேண்டாம். உண்மையில் நோய் வரும்போது அது தேவைப்படும்; அடிக்கடி எடுத்தால் நம்பிக்கையும் போய்விடும். அதே வேளையில், காய்ச்சலோடு வேலைக்குப் போவதும் தவறு, நோய்க்கு எம்.சி. எடுப்பது உரிமை.

9. மாதந்தோறும் சரிபார்த்தல், உதவி நாடும் நேரம்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஏழு நாள் மட்டும் மீண்டும் பதிவு எழுதுங்கள். தூக்க மணிகள், முழுமையாகக் கிடைத்த ஓய்வு நாள்கள், ஓவர்டைம் மணிகள் ஆகிய மூன்று எண்களை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் போதும். ஏதேனும் ஒரு வாரம் தவறிப்போனால் முழுத் திட்டத்தையும் கைவிட வேண்டாம். அடுத்த வாரத்தின் தூக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இவ்வாறு இரண்டு மாதம் செய்தும் காலையில் எழும்போதே களைப்பு நீடித்தால், பிடித்தவற்றிலும் ஆர்வம் வராமலிருந்தால், சிறு விஷயத்துக்கும் பிள்ளைகள்மீது கோபம் பாய்ந்தால், அல்லது குடியும் வலி மாத்திரையும் கூடிக்கொண்டே போனால், அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். அங்கே ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கி வந்துவிடுகிறவர்கள் மிகுதி. உறக்கத்தையும் மனநிலையையும் பற்றிச் சொன்னால்தான் மருத்துவர் அதற்கேற்பக் கேள்வி கேட்பார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்று காட்டினால் விளக்குவது எளிது.

வாழ்வதில் பயனில்லை என்னும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அடுத்த மாதப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. இவ்விரண்டு எண்களையும் நாள்காட்டியின் மேல் ஓரத்தில், வீட்டிலுள்ள எல்லாரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.